புகை வேறு, பதம் வேறு

பன்றி ரிப்ஸை வீட்டு ஓவனில் வேகவைக்கப் போகிறேன் என்று சொன்னால் அமெரிக்கப் பார்பிக்யூக்காரர்களுக்குக் கோபம் வரும். விறகும் புகையும் இல்லாமல் என்ன பார்பிக்யூ என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு சத்தமில்லாமல் இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ரிப்ஸ் அத்தனை மெத்தென்று வெந்து வருவதற்கே புகைதான் காரணம், ஆகவே ஓவனில் அந்தப் பதம் கிடைக்காது என்கிற நம்பிக்கை. அதை ஏற்க முடியாது. புகை தருவது மணம். பதத்தைத் தருவது சூடு, நேரம், ஈரம் ஆகிய மூன்றும். இவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் விறகு அடுப்பைவிட வீட்டு ஓவன் கெட்டிக்காரன். ஓவனில் வைத்த ரிப்ஸ் ரப்பர் மாதிரி வருகிறதென்றால் பழியை ஓவன்மேல் போடுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும்: பெரும்பாலும் அதைச் சீக்கிரமாக வெளியே எடுத்துவிடுகிறோம்.

கறிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். விலா எலும்புகளுக்கு நடுவே இருப்பது, பன்றி மூச்சு விடும்போதெல்லாம் அசைகிற தசை. உழைக்கிற தசையில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு அதிகம். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. பச்சையாக இருக்கும்போது பல்லுக்கு அடங்காது. கறியின் உள்சூடு 60, 65 டிகிரி செல்சியஸை எட்டும்போது இந்த கொலாஜன் சுருங்கி, தசை நார்களை இறுக்கிப் பிழிகிறது. நார்களில் உள்ள புரதங்களும் ஏறத்தாழ அதே சமயத்தில் சுருங்கி, வைத்திருந்த நீரை விட்டுவிடுகின்றன. ஆக 70 டிகிரி வாக்கில் ரிப்ஸ் இருக்கிற நிலைதான் படுமோசமான நிலை. சாறு போய்விட்டது, கொலாஜன் இன்னும் கரையவில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டி 80, 90 டிகிரி என்று ஏறி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் பாயா குடித்தவுடன் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்புதான் ஜெலட்டின். அது நார்களுக்கு நடுவே பரவி, இழந்த சாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல ரிப்ஸில் நாம் ஈரம் என்று உணர்வதில் பெரும்பங்கு தண்ணீர் அல்ல, இந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும்தான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கோழி நெஞ்சுக்கறியோ மீனோ ஓவனில் விறைப்பாகத் தெரிந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவோம், அது சரியும்கூட. அதே அனுபவத்தை ரிப்ஸுக்கும் பொருத்தினால் கெட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, ஐயோ கல்லாகிவிட்டதே என்று பதறி வெளியே எடுப்பவர், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அதே கறி இளகி வந்திருக்கும். விறைத்த ரிப்ஸுக்கு மருந்து மேலும் வேகவைப்பதுதான். சமையல் குறிப்புகள் இதை அழுத்திச் சொல்வதில்லை. மணிக்கணக்கை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

பன்றிக்கறி என்றதும் நம் வீடுகளில் எழுகிற பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். அமெரிக்க வேளாண் துறை 2011இல் பன்றியின் முழுத்துண்டுக் கறிக்கான பாதுகாப்பான உள்சூட்டை 71 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குக் குறைத்தது. அடுப்பை விட்டு இறக்கிய பின் 3 நிமிடம் விட வேண்டும் என்பது நிபந்தனை. ரிப்ஸ் பதமாகிற 90 டிகிரி அதற்கெல்லாம் வெகு மேலே இருக்கிறது. நாடாப்புழு மூளைக்குப் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. மூளையில் கட்டி வருவது புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போவதால், அதாவது மனித மலத்தால் அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி, சுத்தமில்லாத கை வழியாக. அரைகுறையாக வெந்த கறி தின்றால் குடலில் புழு வளரலாம். அது வேறு கதை, அதற்கும் நன்றாக வேகவைப்பதே தீர்வு. பத்திரமாக இருக்க விரும்புகிறவருக்கும் பதமாக இருக்க விரும்புகிறவருக்கும் இங்கே பாதை ஒன்றுதான்.

இனி புகைக்காரர்களின் தரப்புக்கு வருவோம். அவர்கள் நடைமுறையே என் வாதத்துக்குச் சாட்சி. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் புகைபோடுகிறவர்களிடையே மிகவும் பேர்போன முறை 3-2-1. ஸ்பேர் ரிப்ஸை 225 ஃபாரன்ஹீட், அதாவது 107 டிகிரி செல்சியஸ் சூட்டில் 3 மணி நேரம் புகையில் வைப்பது, பிறகு அலுமினிய ஃபாயிலில் இறுகச் சுற்றி 2 மணி நேரம், கடைசியில் பிரித்து சாஸ் தடவி 1 மணி நேரம். நடுவில் வருகிற அந்த இரண்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். கொலாஜன் பெருமளவு கரைவது அப்போதுதான். அப்போது கறி ஃபாயிலுக்குள் இருக்கிறது, ஒரு இழை புகை உள்ளே போகாது. வெளியே எரிவது ஹிக்கரி விறகா, மின்கம்பியா என்று அந்தக் கறிக்குத் தெரியவே வழியில்லை. விறகை மிச்சம் பிடிக்க அந்தக் கட்டத்தில் சமையலறை ஓவனுக்கு மாற்றிக்கொள்கிற புகைக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஜாதிப்பிரஷ்டம் செய்வதில்லை.

உணவகங்களின் பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்கப் பார்பிக்யூ கடைகள் பலவற்றின் பின்கட்டில் இருப்பது சதர்ன் பிரைட், ஓல் ஹிக்கரி போன்ற நிறுவனங்களின் பெரிய எஃகுப் பெட்டிகள். சூட்டைத் தருவது எரிவாயு, அளவைப் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட், மணத்துக்கு மட்டும் இரண்டு மூன்று விறகுக் கட்டைகள். பெயர் என்னவாக இருந்தாலும் அது ஓவன்தான். போட்டிகளின் சட்டம் வேறு என்று நீங்கள் மறுக்கலாம். ஆமாம், கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் விதிப்படி விறகு, கரி, மரத்தூள் வில்லைகள் இவற்றால்தான் சமைக்க வேண்டும், எரிவாயுவும் மின்சாரமும் கூடாது. ஆனால் வில்லை அடுப்புகளில் மின்மோட்டார் வில்லைகளைத் தள்ளிக் கொடுக்க, மின்விசிறி காற்றை ஊத, சூட்டை ஒரு கருவி கவனித்துக்கொள்கிறது. அதை விதி அனுமதிக்கிறது. போட்டி என்றால் எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும், கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கும் கறியின் பதத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வருவது, அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்கப் பார்பிக்யூ கறுப்பின மக்களின் கையில் வளர்ந்த கலை. தென் மாநிலங்களின் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் இராத்திரி முழுக்கக் குழிக்கு அருகில் கண்விழித்துக் கற்ற வேலை அது. கான்சாஸ் சிட்டியின் பார்பிக்யூ மரபைத் தொடங்கி வைத்தவர் என்று போற்றப்படும் ஹென்றி பெர்ரியும் மெம்பிஸ் பக்கத்திலிருந்து வந்த கறுப்பினத்தவர். 1908 வாக்கில் நகரின் ஆயத்த ஆடைத் தொழிற்பேட்டைச் சந்து ஒன்றில் தொழிலாளர்களுக்குப் புகையூட்டிய கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை ஏற்று நடத்த, பிறகு தம்பி ஆர்தர் பிரையன்ட் 1946இல் அதை எடுத்துக்கொண்டு உலகப் பெயர் வாங்கினார். இத்தனை உழைப்புக்குப் பின்னால் வருகிற ஒன்றை ஒரு பொத்தானைத் திருகிச் செய்துவிட்டு அதே பெயரைச் சூட்டுவது கொச்சைப்படுத்துவது ஆகாதா என்று கேட்டால், பெயரைச் சூட்ட வேண்டாம் என்பேன். ஓவன் ரிப்ஸ் என்றே சொல்வோம். யாரும் கேட்காத பட்டத்துக்காகச் சண்டை போடத் தேவையில்லை.

ஆனால் அதே வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. பெர்ரியின் சாஸ் காரமும் காட்டமுமானது. இன்று உலகம் முழுக்க ‘பார்பிக்யூ சுவை’ என்று நினைக்கப்படும் கெட்டியான, தித்திப்பான, தக்காளி சாஸின் பெரும்புகழ் கான்சாஸ் சிட்டியில் ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்த கேசி மாஸ்டர்பீஸ் போன்ற பாட்டில்களால் வந்தது. மெம்பிஸில் 1948இலிருந்து இருக்கும் ரான்டெவூ உணவகத்தின் ரிப்ஸ் இன்னொரு விதம். சார்லி வெர்கோஸின் அந்தக் கடையில் ரிப்ஸ் மணிக்கணக்கில் விறகுப் புகையில் கிடப்பதில்லை. கரி நெருப்புக்கு மேலே ஒப்பீட்டளவில் வேகமாக வெந்து, வினிகர் தெளிக்கப்பட்டு, உலர்ந்த மசாலாவோடு தட்டுக்கு வருகிறது. மெம்பிஸ்காரரிடம் அது பார்பிக்யூ இல்லை என்று சொல்லிப் பாருங்கள். ஒரே நாட்டில், ஒரு நாள் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்களே ஒத்துப்போகாத விஷயத்தில், புகை இருந்தால்தான் ரிப்ஸ் என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

புகையால் கிடைப்பது என்ன, அதில் ஓவனுக்கு எது முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விறகில் உள்ள லிக்னின் எரிந்து சிதையும்போது குவாயகால், சிரிங்கால் முதலிய வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. புகையின் மணம் பெரும்பாலும் அவற்றால் வருவது. குளிர்ந்த, ஈரமான கறியின் மேற்பரப்பில்தான் அவை நன்றாகப் படிகின்றன, அதனால்தான் முதல் ஓரிரு மணி நேரப் புகைக்கு அத்தனை மதிப்பு. வெட்டிய ரிப்ஸின் ஓரத்தில் தெரிகிற இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது, அதற்கு ருசி கிடையாது. மேலே சொன்ன கான்சாஸ் சிட்டி சொசைட்டியே தன் நடுவர்களிடம் அந்த வளையத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்கிறது. ஆனால் மணம் நிஜம், அதை ஓவன் தராது. மணத்தைத் தனியாகச் சேர்க்கலாம். ஸ்பெயினின் லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் நாள் கணக்கில் உலர்த்தி அரைக்கிற புகைமிளகாய்த் தூள் இன்று இந்தியாவிலும் ஆன்லைனில் கிடைக்கிறது. அதுதான் என் முதல் சிபாரிசு. திரவப் புகை என்று பாட்டிலில் வருவது ரசாயனக் கலவை என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நிஜமான விறகுப் புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடிப்பதுதான் அதன் அடிப்படை. எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக்கடைக்காரர் 1895இல் அதே கான்சாஸ் சிட்டியில் விற்கத் தொடங்கிய சரக்கு. சாஸில் கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் மருந்து வாசனை அடிக்கும், அவ்வளவுதான் அதன் குற்றம். கனல் கரித்துண்டின்மேல் நெய் ஊற்றி மூடிவைக்கிற வடஇந்திய துங்கார் முறையும் செய்யலாம், ஆனால் அது கொழுப்பு எரிந்து வரும் புகை, விறகு மணம் அதில் இருக்காது. எதைச் செய்தாலும் வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டி வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அடுத்து, நம் ஊர்ச் சமையலறையிலிருந்து வரும் கேள்வி. குக்கர் இருக்கும்போது மூன்று மணி நேரம் ஓவனை ஓட்டுவானேன்? முதலில் வேகவைத்துவிட்டு, கடைசியில் சாஸ் தடவி ஓவனில் காட்டினால் போதாதா? பதத்தை மட்டும் பார்த்தால் போதும். தண்ணீரில் 95, 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கொதித்தாலும் கொலாஜன் கரையத்தான் செய்யும். குக்கரில் 120 டிகிரி வரை போவதால் அரை மணிக்குள் முடிந்துவிடும். சிக்கல் வேறு. கறியின் உப்பு, சாறு, ஜெலட்டின், கொழுப்பு எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நாம் குழம்போ சூப்போ வைக்கிறோம், அந்தத் தண்ணீரையும் சாப்பிடுகிறோம், நட்டம் இல்லை. ரிப்ஸுக்கு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, வெளுத்த கறியின்மேல் பாட்டில் சாஸைப் பூசி ஒப்பேற்றுகிறோம். சாஸின் ருசி இருக்கும், பன்றிக்கறியின் ருசி இருக்காது. குக்கரில் இன்னொரு தொல்லை, ஒரு விசில் கூடினால் எலும்பு தனியாகக் கழன்று விழும், திறந்து பார்த்து நிறுத்த வழியில்லை. குக்கரைத்தான் பயன்படுத்துவேன் என்கிறவர்கள் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, கறியைத் தட்டின்மேல் தண்ணீர் படாமல் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். கொதிக்க வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, ஃபாயிலில் சுற்றினால் அதுவும் ஆவிதானே என்று கூர்மையான வாசகர் மடக்குவார். ஆவிதான், சந்தேகமில்லை. ஆனால் வெளியிலிருந்து ஊற்றிய குடத்துத் தண்ணீர் அங்கே இல்லை; கறி தன் சாற்றிலேயே வேகிறது, வெளியே வந்த சாறு ஃபாயிலுக்குள்ளேயே நின்று திரும்ப சாஸில் சேர்கிறது. சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்து வைத்த கறி வியர்க்கிறது. மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் உள்சூடு 65, 75 டிகிரிக்கு நடுவே எங்காவது மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிடும். பெரிய துண்டுகளில் இது அப்பட்டமாகத் தெரியும். கொழுப்பு உருகுவதால்தான் அப்படி என்று பார்பிக்யூக்காரர்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிரெக் பிளான்டர் என்ற இயற்பியலாளர் சோதனை செய்து, ஆவியாதலே காரணம் என்று காட்டினார். ஃபாயிலுக்குள் ஆவி வெளியேற இடமில்லை, ஆகவே அந்தத் தேக்கமும் இல்லை. கூடவே இன்னொரு அனுகூலம், உள்ளே ஈரம் இருக்கிற வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவன் 135இல் இருக்கிறதா 150இல் இருக்கிறதா என்று அப்போது பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 107 டிகிரியில் ஆறு மணி நேரம் என்கிற புகை அடுப்பின் கணக்கை ஓவனுக்கு அப்படியே கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை. அது புகை படிவதற்கான நேரம், நமக்குத்தான் புகையே கிடையாதே.

கறி வாங்குவதில் இரண்டு ரகம் தெரிந்திருந்தால் போதும். பேபி பேக் என்பது முதுகெலும்பை ஒட்டிய வளைந்த, குட்டையான விலா. குட்டிப் பன்றியினுடையது என்று அர்த்தமில்லை. ஸ்பேர் ரிப்ஸ் என்பது வயிற்றுப் பக்கம் இறங்கும் நீண்ட விலா. அதன் நெஞ்செலும்பையும் குருத்தெலும்பையும் சீவிச் சதுரமாக்கினால் செயின்ட் லூயிஸ் வெட்டு. கொழுப்பும் கொலாஜனும் அதிகமுள்ள இரண்டாவது ரகமே என் தேர்வு. சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், தவறுகளை மன்னிக்கும். நம் ஊர்க் கறிக்கடைகளில் கேட்காமலே துண்டு போட்டுவிடுவார்கள், விலாவை வரிசையாக முழுசாக வேண்டும் என்று கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பண்ணையில் வளர்ந்த வெண்பன்றி இளசிலேயே வெட்டப்படுவதால் சீக்கிரம் வெந்துவிடும், வயதான நாட்டுப்பன்றிக்கு நேரம் கூட்ட வேண்டும். எலும்புப் பக்கம் பளபளவென்று ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அது மற்றதைப்போல இளகாது, காய்ந்து காகிதமாகிவிடும். ஒரு ஓரத்தில் கரண்டிக் காம்பை நுழைத்துத் தூக்கி, டிஷ்யூ தாளால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்துவிடும்.

செய்முறை இவ்வளவுதான். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்று முதல்நாள் இரவே தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், உப்பு மட்டும்தான் கறிக்குள் இறங்கும். மற்ற மசாலா மேற்பரப்பைத் தாண்டாது, அதை அடுப்பில் வைக்கும் முன் போட்டால் போதும்: ஒரு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி புகைமிளகாய்த் தூள், ஒவ்வொரு தேக்கரண்டி மிளகுத்தூளும் பூண்டுத்தூளும், காரம் உங்கள் விருப்பம். ஓவனை 135 டிகிரிக்குச் சூடாக்கி, கம்பித் தட்டின்மேல் எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி திறந்தபடியே ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரம் மசாலா காய்ந்து கறியோடு ஒட்டிக்கொள்வதற்காக; இதைத் தவிர்த்தால் ஃபாயிலுக்குள் எல்லாம் கரைந்து குழம்பாகிவிடும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சாறோ தண்ணீரோ தெளித்து, இரட்டை ஃபாயிலில் காற்றுப் போகாமல் சுற்றி, பேபி பேக் என்றால் ஒன்றேகால் மணி நேரம், ஸ்பேர் ரிப்ஸ் என்றால் ஒன்றேமுக்கால் மணி நேரம். வினிகரோ தக்காளி சாஸோ உள்ளே ஊற்றுவதாக இருந்தால் ஃபாயிலுக்கும் கறிக்கும் நடுவே பேக்கிங் தாள் ஒன்றை விரியுங்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். கடைசியில் பிரித்து, தேங்கிய சாற்றைக் கெச்சப், வினிகர், நாட்டுச்சர்க்கரை, கடுகு விழுது இவற்றோடு வற்றவைத்த சாஸில் கலந்து, மெல்லிசாகப் பூசி, மறுபடி திறந்தபடி 20 நிமிடம். சாஸை முதலிலேயே பூசுகிறவர்கள் கரிந்த சர்க்கரையைத்தான் சாப்பிடுவார்கள். மேல்கம்பியை மட்டும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் ஓரங்கள் கருகலாக வந்து அழகாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஓவனை விட்டு நகரக் கூடாது.

மேலே எழுதிய நேரங்களை நம்பி மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவை உத்தேசம். தெர்மாமீட்டரும் ரிப்ஸில் அவ்வளவு நம்பகமில்லை, கறி மெலிசு, முனை எலும்பைத் தொட்டால் வேறு எண் காட்டும். ஃபாயிலைப் பிரித்ததும் வரிசையை நடுவில் இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். நன்றாக வளைந்து, மேல்பக்கம் விரிசல் விட ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது. விறைப்பாக நின்றால் மறுபடி சுற்றி இருபது நிமிடம். எலும்புகளுக்கு நடுவே பல்குத்தும் குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும். எலும்பு நுனி அரை அங்குலம் வெளியே தெரிவதும் நல்ல அடையாளம். எலும்பிலிருந்து கழன்று விழ வேண்டும் என்பது பலரின் கனவு. போட்டி நடுவர்களைக் கேட்டால் அது அதிகமாக வெந்தது என்பார்கள். அவர்கள் கணக்குப்படி, கடித்த இடத்தில் மட்டும் கறி சுத்தமாக வர வேண்டும், மற்றது எலும்போடு நிற்க வேண்டும். நான் அவர்கள் கட்சி. ஆனால் வீட்டில் பல் தகராறு உள்ள பெரியவர்கள் இருந்தால் இன்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், நடுவர்கள் யாரும் சாப்பிட வரப்போவதில்லை.

சின்ன ஓடிஜி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழில் எழுதியிருக்கிற டிகிரியும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் போட்டு அணைத்து விளையாடுவதால் 10, 15 டிகிரி ஏறி இறங்குவது சகஜம், கம்பியும் கறிக்கு வெகு அருகில் இருக்கும். உள்ளே வைக்கிற சாதாரண ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், நடுத்தட்டையே பயன்படுத்துங்கள், விசிறி இருந்தால் திறந்து வைக்கிற கட்டத்தில் அணைத்து வையுங்கள். வரிசை நீளமாக இருந்து உள்ளே அடங்கவில்லை என்றால் இரண்டாக வெட்டி வைப்பதில் தவறில்லை. எட்டு மணிச் சாப்பாட்டுக்கு நான்கு மணிக்கே ஓவனைப் போட்டுவிடுங்கள். முன்னதாகவே வெந்துவிட்டால் அடுப்பை அணைத்து, ஃபாயிலைப் பிரிக்காமல் கதவை மூடி வைத்தால் ஒரு மணி நேரம் வரை சூடு தாங்கும். சாஸ் பூசும் வேலையை மட்டும் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.